அரை ஆள் கணக்கு

ஜப்பானின் தொழிலாளர் நல அமைச்சகம் ஆண்டுதோறும் ஜூன் 1 ஆம் தேதி நிலவரத்தை வைத்து ஒரு கணக்கு எடுக்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களில் எத்தனை மாற்றுத்திறனாளிகள் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள் என்ற கணக்கு. 2024 ஆம் ஆண்டின் விடை: 6,77,461.5 பேர்.

அச்சுப்பிழை இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த 5 சட்டப்படி வந்தது. வாரம் 30 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர் ஒரு ஆள். 20 முதல் 30 மணிக்குள் செய்பவர் அரை ஆள். உடல் குறைபாடோ அறிவுசார் குறைபாடோ கடுமையானது என்று சான்று இருந்தால், முழுநேரம் வேலை செய்யும் அந்த ஒருவர் இரண்டு ஆள். குறைந்த நேரம் செய்தால் ஒரு ஆள். மனநலக் குறைபாடு உள்ளவருக்கு 20 மணி நேரத்துக்கே முழு ஆள் என்று ஒரு சலுகை. 2024 ஏப்ரலில் இன்னொரு படி சேர்ந்தது: கடுமையான குறைபாடு உள்ளவர்களும் மனநலக் குறைபாடு உள்ளவர்களும் வாரம் 10 முதல் 20 மணி நேரம் வந்துபோனாலும் அரை ஆளாக ஏட்டில் ஏறுவார்கள். ஆக, இந்த ஆறே முக்கால் லட்சம் தலைக்கணக்கு அல்ல. நிறுவனங்களுக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணின் கூட்டுத்தொகை.

அதைப் பிரித்தால் உடல் குறைபாடு 3,68,949.0, அறிவுசார் குறைபாடு 1,57,795.5, மனநலக் குறைபாடு 1,50,717.0. கூட்டிப் பாருங்கள், அரை ஆள் வரை சரியாக வரும். ஆட்டிசம் எந்த வரிசையிலும் இல்லை. ஜப்பானில் ஆட்டிசத்துக்கென்று தனி அடையாள அட்டை கிடையாது. அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருந்தால் அதற்கான அட்டை. இல்லையென்றால் மனநலக் குறைபாட்டு அட்டை. ஆட்டிசம் உள்ள ஒருவர் எந்தக் கதவு வழியாகச் சான்று வாங்கினாரோ அந்த வரிசையில் கரைந்துவிடுகிறார். அவர்களைத் தனியே பார்க்க வேறொரு ஏட்டைப் புரட்ட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் விகிதம். 1960 இல் வந்த சட்டம் உடல் குறைபாடு உள்ளவர்களை வேலைக்கு எடுக்க 'முயல வேண்டும்' என்று மட்டும் சொன்னது. முயன்றேன், முடியவில்லை என்று எந்த முதலாளியும் சொல்லிவிட்டுப் போகலாம். 1976 இல் அது கட்டாயமானது. தனியார் நிறுவனங்களுக்கு 1.5 சதவீதம். அதன்பின் 1988 இல் 1.6, அறிவுசார் குறைபாடு கணக்கில் சேர்ந்த 1998 இல் 1.8, 2013 இல் 2.0, மனநலக் குறைபாடு சேர்ந்த 2018 இல் 2.2, 2021 மார்ச்சில் 2.3, 2024 ஏப்ரலில் 2.5. அடுத்த படியாக 2026 ஜூலைக்கு 2.7 என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டில் 1.2 புள்ளி ஏற்றம். நாட்டு மக்களில் மாற்றுத்திறனாளிகள் 9.2 சதவீதம், ஏறத்தாழ 1 கோடியே 16 லட்சம் பேர் என்று அதே அரசின் மதிப்பீடு சொல்கிறது. முதியவர்கள் அதில் ஏராளம் என்பதால் இரண்டு எண்ணையும் நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமில்லை. ஆனாலும் 2.5 என்பது பெரிய கேள்வி அல்ல என்பது புரியும்.

அந்தச் சிறிய கேள்விக்கும் பாதிப்பேர் பதில் எழுதவில்லை. 2024 ஜூனில் கணக்குக்கு உட்பட்ட நிறுவனங்கள் 1,17,239. விகிதத்தை எட்டியவை 53,875, அதாவது 46.0 சதவீதம். முந்தைய ஆண்டு 50.1 சதவீதமாக இருந்தது, விகிதத்தை 2.3 இலிருந்து 2.5 ஆக்கியதும் இறங்கிவிட்டது. எட்டாத 63,364 நிறுவனங்களில் 36,485 இல் ஒரே ஒரு மாற்றுத்திறனாளிகூட இல்லை. அரை ஆளும் இல்லை. பெரிய நிறுவனங்கள் பரவாயில்லை: ஆயிரம் பேருக்கு மேல் உள்ளவற்றின் சராசரி 2.64. கீழே வர வர எண் தேய்கிறது. 300 முதல் 500 பேர் உள்ள இடங்களில் 2.29, 100 முதல் 300 வரை 2.19, 40 முதல் 100 வரை 1.96.

கடைசி எண் தாழ்ந்திருப்பதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். லெவி அங்கே எட்டாது.

நெல் லெவியை அறிந்த தலைமுறைக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 100 பேருக்கு மேல் உள்ள நிறுவனம் விகிதத்துக்குக் குறையும் ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் 50,000 யென் கட்ட வேண்டும். (100 யென் என்பதை 55 முதல் 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு மாதம் 27,500 முதல் 30,000 ரூபாய்.) ஆண்டுக்கு 6,00,000 யென். இது அபராதம் அல்ல என்று சட்டம் சொல்கிறது. கட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்றும் ஆகாது. ஆள் எடுக்கும் திட்டம் கேட்பார்கள், அப்படியும் தேறாத நிறுவனத்தின் பெயரைப் பகிரங்கமாக வெளியிடுவார்கள். ஜப்பானிய நிறுவனத்துக்குப் பணத்தைவிட அந்த வெளியீடுதான் உறைக்கும்.

வசூலான பணம் அரசின் பொதுக் கஜானாவுக்குப் போவதில்லை. விகிதத்துக்கு மேல் ஆள் எடுத்த நிறுவனத்துக்கு, மிகுதியான ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் 29,000 யென் திரும்ப வருகிறது. மிகுதி 10 பேரைத் தாண்டினால், தாண்டிய ஆளுக்கு 23,000 தான். நூறு பேருக்குக் கீழே உள்ள நிறுவனம் நிறைய எடுத்திருந்தால் ஆளுக்கு 21,000 வெகுமதி. சாய்தளம், மாற்றியமைத்த பணிமேசை, தனி இயந்திரம் போன்ற வேலைக்கு மூன்றில் இரண்டு பங்கு செலவு, ஒருவருக்கு 45,00,000 யென் உச்சவரம்பு வரை, இதே நிதியிலிருந்து கிடைக்கும். எடுக்காதவன் காசு எடுத்தவனுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பானையில் ஓட்டை கட்டும்போதே வைத்தது: எல்லோரும் சட்டப்படி நடந்துவிட்டால் உள்ளே வரும் பணம் நின்றுவிடும், வெளியே போக வேண்டிய பணம் ஏறிவிடும். 29,000 க்குப் பக்கத்தில் 23,000 என்ற தாழ்ந்த படி 2024 இல் முளைத்ததற்கு அதுதான் காரணம்.

சரி, ஒரு முதலாளியின் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். 2.5 சதவீதத்துக்கு 3 பேர் வேண்டும். இருவர் இருக்கிறார்கள், ஒருவர் குறைகிறார். ஹலோ வொர்க் என்று பெயர் சூட்டப்பட்ட அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் ஆட்டிசத்தோடு கடுமையல்லாத அறிவுசார் குறைபாடும் சேர்ந்து, அதற்கான அட்டை வைத்திருக்கும் ஒரு இளைஞரை அனுப்புகிறது. வாரம் 30 மணி நேரம், குறைந்தபட்சக் கூலி. 2024 இல் நாடு தழுவிய சராசரி மணிக்கு 1,055 யென். ஓராண்டுக் கணக்கு இது:

ஊதியம், 1,560 மணி நேரத்துக்கு: 16,45,800
காப்பீட்டில் முதலாளி பங்கு, சுமார் 15 சதவீதம்: 2,46,870
மொத்தச் செலவு: 18,92,670
மிச்சமாகும் லெவி: 6,00,000
வேலைவாய்ப்பு மானியம்: 6,00,000
கையிலிருந்து போவது: 6,92,670

மானியம் என்றது சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு உரியது. கடுமையல்லாத அறிவுசார் குறைபாட்டுக்கு அட்டை உள்ளவரை எடுத்தால் இரண்டு ஆண்டில் 12,00,000 யென், ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக நான்கு தவணை. (பெரிய நிறுவனத்துக்கு ஓராண்டில் 5,00,000 தான்.) ஆக முதல் இரண்டு ஆண்டும் அந்த இளைஞர் மாதம் 57,723 யென் பெறுமானத்துக்கு வேலை செய்தால் பட்டறைக்கு நட்டமில்லை. அவருக்காகும் மொத்தச் செலவில் அது 37 சதவீதம். மூன்றாம் ஆண்டு மானியம் நின்றுவிடும். அப்போது மாதம் 1,07,723 யென், 68 சதவீதம், ஈட்டித் தர வேண்டும். அவருக்கு வேலை பழகிப் பட்டறைக்கும் அவர் பழக இரண்டு ஆண்டு அவகாசம். சட்டத்தை எழுதியவர்கள் பணத்தை இந்த வடிவில் நிறுத்தியதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது.

ஆனால் ஏட்டின் இடது பக்கத்தை மட்டும் பார்க்கும் கணக்கரும் இருப்பார். ஆளை எடுத்தால் 18,92,670. எடுக்காவிட்டால் 6,00,000. எது மலிவு? அவர் கணக்கில் வரும் இளைஞர் ஆண்டு முழுவதும் சும்மா உட்கார்ந்திருப்பார் என்பது எழுதப்படாத ஒரு வரி. அந்த வரி சரியா தவறா என்பது இளைஞரைவிடப் பட்டறையைப் பொறுத்தது. இதற்கு நல்ல சாட்சி ஒரு சாக்பீஸ் ஆலை.

டோக்கியோவை ஒட்டிய கவாசாகியில் இருக்கிறது நிஹோன் ரிககாகு. 1937 இல் தொடங்கியது. தூசி பறக்காத சாக்பீஸ் அதன் சரக்கு. 1959 இல் ஒரு சிறப்புப் பள்ளி ஆசிரியர் வந்து, அறிவுசார் குறைபாடு உள்ள மாணவிகளுக்கு வேலை தரும்படி கேட்டார். அன்று பொறுப்பிலிருந்த ஓயாமா யாசுஹிரோ, பின்னாளில் நிறுவனத்தின் தலைவரானவர், முடியாது என்று அனுப்பிவிட்டார். ஆசிரியர் திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில் வேலை வேண்டாம், வேலை என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளவாவது விடுங்கள் என்று கேட்டு, இரண்டு பெண்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி வாங்கினார். அது முடியும்போது அவர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டவர்கள் ஆலையின் மற்ற தொழிலாளர்கள். 1960 இல் இருவரும் பணியில் சேர்ந்தார்கள். ஒதுக்கீடு கட்டாயமாக இன்னும் 16 ஆண்டு இருந்தது. அறிவுசார் குறைபாடு கட்டாயக் கணக்கில் சேர 38 ஆண்டு இருந்தது. இன்று ஆலையில் பத்துக்கு ஏழு பேர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். 2.5 சதவீதம் எங்கே, 70 சதவீதம் எங்கே!

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக ஓயாமா ஒரு பௌத்தத் துறவியிடம் கேட்ட உபதேசத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு உபதேசத்தைவிட எடைக்கல்லின் மேல்தான் ஆர்வம். சாக்பீஸ் மாவு கலக்க மூலப்பொருள்களை அளவாக நிறுக்க வேண்டும். தராசில் எண்ணைப் படித்து நிறுப்பது பலருக்கு வரவில்லை. ஆலை என்ன செய்தது? சிவப்புப் பாத்திரத்தில் உள்ள பொருளுக்குச் சிவப்பு எடைக்கல், நீலப் பாத்திரத்துக்கு நீல எடைக்கல். தட்டில் அதே நிறக் கல்லை வைத்து, முள் நடுவில் நிற்கும் வரை பொருளைப் போட வேண்டியதுதான். கிராம் என்ற சொல்லே தேவைப்படாது. கலவை இயந்திரம் எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? கடிகாரம் பார்க்கத் தெரியாதவருக்கு மணற்கடிகை. மணல் தீர்ந்தால் பொத்தானை அழுத்து. சாக்பீஸின் தடிமன் சரியா? அளவுகோலுக்குப் பதில் பள்ளம் வெட்டிய ஒரு கட்டை. தடித்தது மேலேயே நின்றுகொள்ளும், மெலிந்தது அடிவரை விழுந்துவிடும், சரியானது நடுவில் நிற்கும். சரிபார்ப்பவர் எதையும் படிக்கவோ கூட்டவோ வேண்டியதில்லை. இதற்கான செலவு? சாயம், மணல், தச்சு வேலை. மூன்றில் இரண்டு பங்கு மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதும் காகிதச் செலவுகூட இராது. இந்த ஆலை இரக்கத்தில் ஓடவில்லை. சாக்பீஸ் விற்று ஓடுகிறது, ஜப்பானியச் சந்தையில் அதற்குத்தான் முதலிடம்.

முன்பு சொன்ன கணக்கரின் எழுதப்படாத வரி இங்கே அடிபட்டுப் போகிறது. ஆனால் எடைக்கல்லுக்குச் சாயம் பூச வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே. அந்த யோசனைக்கு மாதம் 29,000 என்று விலை போட முடியாது.

ஆட்டிசத்துக்கு வருவோம். அமைச்சகம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இன்னொரு கணக்கெடுப்பு நடத்துகிறது. 5 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் பணியிடங்களிலிருந்து மாதிரி எடுத்து மதிப்பிடுவது. இங்கே தலைக்கணக்கு, அரை ஆள் கிடையாது. இதில் வளர்ச்சிசார் குறைபாடு என்று தனி வரிசை உண்டு. ஆட்டிசம், கவனக்குறைபாடு, கற்றல் குறைபாடு மூன்றும் அதற்குள். 2018 இல் அந்த வரிசையில் 39,000 பேர். 2023 இல் 91,000. ஐந்து ஆண்டில் இரண்டேகால் மடங்குக்கும் மேல். வேறெந்த வரிசையும் இவ்வளவு ஏறவில்லை. சம்பளம் என்று பார்த்தால் நேர்மாறு. 2023 இல் மாதச் சராசரி உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு 2,35,000 யென், மனநலம் 1,49,000, அறிவுசார் 1,37,000, வளர்ச்சிசார் 1,30,000. கடைசி இடம். ஐந்தாண்டுக்கு முன் அது 1,27,000. எண்ணிக்கை இரட்டிப்புக்கு மேல் ஆன காலத்தில் சம்பளம் 3,000 யென் ஏறியிருக்கிறது. பட்டம் படித்தவர்களும் இந்தக் கூட்டத்தில் கணிசம் என்பதை நினைத்தால், வேலை கிடைத்தது, தகுதிக்கேற்ற வேலை கிடைத்ததா என்ற கேள்வி மிஞ்சுகிறது.

நிலைத்தார்களா என்பதற்கும் எண் இருக்கிறது. வேலைவாய்ப்புக்கான அரசு ஆய்வு அமைப்பு 2017 இல் வெளியிட்ட ஆய்வு, ஹலோ வொர்க் வழியாக வேலையில் சேர்ந்தவர்களில் ஓராண்டு கழித்து எத்தனை பேர் அதே இடத்தில் இருந்தார்கள் என்று பார்த்தது. வளர்ச்சிசார் குறைபாடு 71.5 சதவீதம், அறிவுசார் 68.0, உடல் 60.8, மனநலம் 49.3. சம்பளத்தில் கடைசியில் நிற்கும் வரிசை நிலைத்திருப்பதில் முதலில் நிற்கிறது. முதலாளிகள் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டிய எண் இது. ஓராண்டில் பாதிப்பேர் போய்விடும் இடத்தில், புதிதாக ஆள் தேடிப் பழக்கும் செலவு எந்த லெவியையும் விழுங்கிவிடும்.

அதே ஆய்வில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படும் பிரிவு வேறு. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே அறிவித்த பணியிடத்தில் சேர்ந்தவர்களில் ஓராண்டு நிலைத்தவர்கள் 70.4 சதவீதம். பொதுப் பணியிடத்தில், தம் குறைபாட்டைச் சொல்லிச் சேர்ந்தவர்கள் 49.9. சொல்லாமல் மறைத்துச் சேர்ந்தவர்கள் 30.8. மறைப்பவரைக் குறை சொல்ல முடியாது. சொன்னால் நேர்காணலே நடக்காது என்ற பயம் அனுபவத்தில் வந்தது. ஆனால் சொல்லாதபோது மேலாளருக்கும் ஒன்றும் தெரியாது. நான்கு வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார், பின்னணியில் அச்சு இயந்திரம் அலறிக்கொண்டிருக்கும், மூன்று பேர் மூன்று விதமாகத் திருத்துவார்கள். இளைஞர் ஒருநாள் வராமல் நின்றுவிடுவார்.

2016 ஏப்ரல் முதல், நியாயமான வசதி செய்து தருவது ஜப்பானிய முதலாளிகளுக்குச் சட்டக் கடமை. வளர்ச்சிசார் குறைபாட்டுக்கு அமைச்சகத்தின் வழிகாட்டி தரும் எடுத்துக்காட்டுகளைப் பார்த்தால் செலவுப் பத்தி ஏறக்குறைய காலியாக இருக்கிறது. வேலை சொல்ல ஒரே ஒரு ஆளை நியமி. ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல். செய்முறையைப் படம் போட்டு எழுதிக் கொடு. சத்தமும் வெளிச்சமும் தாங்காதவர் காதடைப்பானும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளட்டும். காதடைப்பான் சில நூறு யென். மற்றவை காசு கேட்பதில்லை, மேலாளரின் பழக்கத்தை மாற்றச் சொல்கின்றன. பழக்கத்தை மாற்றுவதைவிடக் காசு கொடுத்துவிடுவது சிலருக்குச் சுலபம் என்பதும் உண்மைதான்.

அதற்காகவே ஜாப் கோச். 2002 இல் வந்த ஏற்பாடு. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஊழியருக்குக் கற்றுக்கொடுப்பதும், ஊழியரை எப்படி நடத்துவது என்று மேலாளருக்குக் கற்றுக்கொடுப்பதும் அவர் பணி. வழக்கமாக இரண்டு முதல் நான்கு மாதம் வந்துபோவார், பிறகு வருகையைக் குறைத்துக்கொண்டே போய் நின்றுவிடுவார். முதலாளிக்குச் செலவில்லை. தொண்டு நிறுவனம் அனுப்பும் ஜாப் கோச்சுக்கு, 4 மணி நேரமோ மேலோ இருந்த நாளுக்கு 18,000 யென் அந்த நிறுவனத்துக்குப் போகிறது. பத்து வருகை என்றால் 1,80,000. ஒரு ஆள் குறைவுக்கு நான்கு மாதம் கட்டும் லெவி 2,00,000. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் நிறுவனம் அபூர்வம்.

இனி ஏட்டின் அழுக்குப் பக்கம். எண்ணை மட்டும் கேட்டால் எண் மட்டும் வரும். அதை முதலில் நிரூபித்தது அரசாங்கமே. 2018 ஆகஸ்டில், மத்திய அரசின் 33 அமைப்புகளில் 27 தம் மாற்றுத்திறனாளிக் கணக்கைப் பெருக்கிக் காட்டியது வெளியே வந்தது. முறையின்றிச் சேர்த்தவர்கள் 3,460 பேர், 2.49 சதவீதம் என்று அறிவித்திருந்தது பாதிக்கும் கீழே சரிந்தது. வரி வசூலிக்கும் துறையின் பங்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல். கண்ணாடி போட்டால் நன்றாகப் பார்வை தெரிபவரை, கண்ணாடி இல்லாத பார்வையை வைத்துப் பார்வைக் குறைபாட்டில் சேர்த்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களும் இறந்துபோனவர்களும்கூடப் பட்டியலில் இருந்ததை விசாரணைக் குழு கண்டது. தனியார் நிறுவனம் ஒரு ஆள் குறைந்தால் மாதம் 50,000 கட்டுகிறது. அரசு அலுவலகத்துக்கு லெவியே கிடையாது, கணக்கைத் தணிக்கை செய்ய அன்று ஆளும் இல்லை. அவமானம் தாங்காமல் 2019 பிப்ரவரியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனித் தேர்வு நடத்தினார்கள். விண்ணப்பித்தவர்கள் 8,712, தேர்ச்சி 754. தகுதியான ஆள் கிடைப்பதில்லை என்ற பழைய பல்லவிக்கு இந்த 8,712 போதுமான பதில்.

தனியார் துறை இறந்தவர்களைச் சேர்க்கவில்லை. அது தோட்டம் போட்டது. ஒரு நிறுவனம் நகரத்தில் மென்பொருள் எழுதும். அதன் மாற்றுத்திறனாளி ஊழியர்கள் எங்கோ ஒரு பசுமைக்குடிலில் கீரை வளர்ப்பார்கள். குடிலை வாடகைக்கு விட்டு, ஆளையும் தேடித் தர ஒரு இடைத்தரகு நிறுவனம். கீரை சந்தைக்குப் போவது குறைவு. அலுவலகத்தில் பங்கு போட்டுக்கொள்வார்கள், அல்லது எங்காவது கொடுத்துவிடுவார்கள். 2023 இல் அமைச்சகம் பார்த்தபோது, தோட்டமும் வாடகை அலுவலகமும் சேர்த்து, இப்படி 125 இடங்கள், வாடிக்கையாளராக ஆயிரத்துக்கு மேல் நிறுவனங்கள், 6,500 பேருக்கு மேல் ஊழியர்கள். இந்த ஏற்பாடு சட்டமீறல் அல்ல. சம்பளம் ஒழுங்காக வருகிறது. அங்கே வேலை செய்யும் பலருக்கு அது பிடித்தும் இருக்கலாம், திறந்த வெளியில் மண்ணில் வேலை செய்வது மோசமான வேலை அல்ல. ஆனால் நிறுவனம் வாங்குவது வேலையை அல்ல, விகிதத்தை. அவர்கள் நாளைக்கே கீரை வளர்ப்பதை நிறுத்தினாலும் நகரத்து அலுவலகத்தில் ஒரு மேசையும் கவனிக்காது.

இதோடு சேர்த்து, தனித் துணை நிறுவனம் என்று ஒன்றையும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகளை ஒரே இடத்தில் சேர்த்து வேலை தரும் துணை நிறுவனத்தைத் தொடங்கினால், அங்குள்ளவர்கள் தாய் நிறுவனத்தின் கணக்கில் ஏறுவார்கள். 2024 இல் இப்படி 614 நிறுவனங்கள், 50,290.5 பேர். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஏற்ற அமைதியான, ஒழுங்கான பணியிடத்தை முதலில் கட்டியவை இவற்றில் சில என்பதால் மொத்தமாகக் கழித்துவிட மனம் வரவில்லை. பிரித்துவைப்பதுதான், ஆனால் அங்கே வேலை இருக்கிறது.

விகிதத்துக்கு வெளியே நிற்பவர்கள் கணக்கு இன்னும் கசப்பானது. திறந்த சந்தையில் வேலை கிடைக்காதவர்களுக்கு இரண்டு வகைப் பணியகங்கள். ஏ வகையில் ஒப்பந்தமும் குறைந்தபட்சக் கூலியும் உண்டு. 2023 நிதியாண்டில் மாதச் சராசரி 86,752 யென். பி வகையில் ஒப்பந்தம் இல்லை, செய்த வேலைக்குப் பணம், சராசரி 23,053. முந்தைய ஆண்டு பி வகையின் சராசரி 17,031. ஒரே ஆண்டில் 35 சதவீத உயர்வு என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்த ஆண்டு சராசரி எடுக்கும் சூத்திரத்தை மாற்றினார்கள். பட்டியலில் உள்ள எல்லோராலும் வகுக்காமல், ஒரு நாளில் சராசரியாக வந்தவர்களால் வகுத்தார்கள். பையில் விழுந்த பணம் அந்த வேகத்தில் ஏறவில்லை.

ஏ வகைக்கு அடி 2024 ஏப்ரலில் விழுந்தது. பணியகம் தன் உற்பத்தி வருமானத்திலிருந்து கூலி கொடுக்க வேண்டும், அரசு தரும் சேவைக் கட்டணத்திலிருந்து அல்ல என்பது விதி. விதியைப் பின்பற்றாத இடங்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தார்கள். நோக்கம் சரிதான், ஆளைக் காட்டி அரசுப் பணம் வாங்கியே பிழைத்த இடங்கள் இருந்தன. மார்ச் முதல் ஜூலைக்குள் 329 பணியகங்கள் மூடப்பட்டன, ஏறத்தாழ 5,000 பேர் வேலை இழந்தார்கள். 2024 நிதியாண்டு முழுவதும் ஹலோ வொர்க்கில் பதிவான மாற்றுத்திறனாளிப் பணிநீக்கம் 9,312. முந்தைய ஆண்டு 2,407. புதிய எண்ணில் பெரும்பகுதி ஏ வகையிலிருந்து வந்தவர்கள். பலர் அதே கட்டடத்தில் பி வகைக்கு மாறினார்கள். கட்டடமும் வேலையும் பழையவை, கூலி பி வகையின் கூலி. பணியகத்துக்கு ஒரு எழுத்து மாறியது. ஊழியரின் சராசரி வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு போனது. முதலில் ஒழுங்கீனத்தைப் பார்த்தார்கள், ஆட்களை எங்கே அனுப்புவது என்று பிறகு யோசித்தார்கள். எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பது இந்த ஏட்டை எழுதுகிறவர்களுக்குத் தெரியாததல்ல.

2.7 சதவீதத்தின் விளைவை 112 பேர் உள்ள ஒரு நிறுவனத்தில் வைத்துப் பார்க்கலாம். 2.5 இல் 2.8 ஆள், பின்னத்தை விட்டுவிடுவார்கள், 2 பேர் போதும். 2.7 இல் 3.02; 3 பேர் வேண்டும். மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் ஆண்டுக்கு 6,00,000 யென். மேலாளர் முன் மூன்று வழி இருக்கும். லெவியைக் கட்டலாம். கீரைக்குடில் தரகரைக் கூப்பிடலாம். அல்லது தன் கட்டடத்துக்குள்ளேயே வாரம் 30 மணி நேர வேலை ஒன்றைப் பிரித்தெடுத்து, ஹலோ வொர்க்கில் அறிவித்து, ஜாப் கோச் வேண்டுமென்று விண்ணப்பிக்கலாம். மூன்றாவது வழியில் போய், பட்டறைக்கு வந்த இளைஞரைப் போன்ற ஒருவரை எடுத்தால் மானியத்தின் முதல் தவணை 3,00,000 யென். ஆள் சேர்ந்து ஆறு மாதம் முடிந்தபின்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும்.